ஐயாயிரத்து இருபத்து மூன்று புட்டாக்கள்

தேவிப்ரியா ஒரு துண்டுச் சீட்டை மேஜைமேல் வைத்தாள். அதில் 5023 என்று மட்டும் எழுதியிருந்தது.

“சேல ஒடம்புல இத்தன புட்டா வேணும்ணா. ஒண்ணு கூடவும் வேணாம், ஒண்ணு கொறையவும் வேணாம்” என்றாள்.

கமலக்கண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சீட்டைப் பார்த்தார். ஆரணியில் இருபது வருஷமாகப் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறவர் அவர். மயில் கேட்டு வந்திருக்கிறார்கள், யானை கேட்டு வந்திருக்கிறார்கள், முந்தியில் மாப்பிள்ளை முகம் வேண்டும் என்றுகூட ஒருவர் வந்ததுண்டு. சேலைக்கு நடுவே ஜரிகையில் விழும் சின்னப் பூக்களை எண்ணிக் கேட்டு யாரும் வந்ததில்லை.

“கணக்கு டீச்சருங்களா நீங்க?”

“நான் பேங்க்ல வேல செய்றேன். கட்டப் போறவங்கதான் கணக்கு டீச்சர். தேவகி டீச்சர். சந்தவாசல் பக்கம், எங்க பள்ளிக்கூடத்துல முப்பத்தி நாலு வருஷம். மே மாசம் ரிட்டயர் ஆறாங்க. அவங்ககிட்ட படிச்சவங்க எல்லாரும் சேந்து இந்தச் சேலைய எடுக்கறோம். ஆளுக்கு ஒரு புட்டா.”

“ஐயாயிரம் பேரா!”

“ஐயாயிரத்து இருவத்தி மூணு. வருஷா வருஷம் ரெஜிஸ்டர் பாத்து டீச்சரே ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க.”

கமலக்கண்ணன் கால்குலேட்டரை இழுத்துத் தட்டினார். கொஞ்ச நேரம் உதட்டைப் பிதுக்கினார். பிறகு முகம் மலர்ந்தது.

“இந்தாங்க. வரிக்குப் பதினெட்டு புட்டா. எரநூத்தி எழுவத்தி ஒம்போது வரி. ஐயாயிரத்து இருவத்தி ரெண்டு. சுத்தமா உக்காருது. ஒண்ணுதான கம்மி? எவன் எண்ணப் போறான்?”

“டீச்சர் எண்ணுவாங்க.”

“சரி, அந்த ஒண்ண மட்டும் முந்தி ஓரத்துல தனியா போட்டுடலாமா?”

“கிளாஸுக்கு வெளிய நிக்க வெச்ச மாதிரி இருக்கும்ணா.”

கமலக்கண்ணன் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

“எட்டாவதுல ரெண்டு மாசம் நான் ஸ்கூலுக்குப் போகல. பேர அடிச்சுட்டாங்க. டீச்சர்தான் வூட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட சண்ட போட்டு, கூட்டிகினு போயி, திரும்ப எழுதினாங்க. நீங்க ஒண்ணுதானன்னு சொல்றீங்க. அந்த ஒண்ணு யாருண்ணா?”

அறையின் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சிவசங்கரி அதுவரை திரும்பவில்லை. வரைந்து வரும் படங்களைக் கட்டம் கட்டமாகத் திரையில் ஏற்றி, தறியில் பூ விழச் செய்யும் ஜக்கார்டு அட்டை குத்த அனுப்புவது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. மற்றவர்கள் போட்ட டிசைனில் பிழை பார்ப்பாளே தவிர, தானாக ஒன்றும் போட்டதில்லை. இப்போது அவளை அறியாமல் வாய் திறந்தது.

“அக்கா, வியாழக்கிழம வரைக்கும் டைம் குடுங்க. ஐயாயிரத்து இருவத்தி மூணே வருமான்னு பாத்துச் சொல்றேன்.”

தேவிப்ரியா அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

“வாய வெச்சிகினு சும்மா இருந்திருக்கலாம்ல?” என்றார் கமலக்கண்ணன். “சேவூர்ல பழனி தறி காலியா கெடக்குது. நீ முடியாதுன்னு சொன்னா அந்தப் பொண்ணு வேற ஊரு பாத்துகினு போயிடும். நீதான சொன்ன? நீயே போடு. உன் டிசைன் இது.”

இப்படித்தான் அவளுடைய முதல் டிசைன் அவளிடம் வந்து சேர்ந்தது.

பூ வரைவது பெரிய வேலை இல்லை. ஜாதிமல்லி மொட்டு அளவில் ஒரு பூ போதும். எண்ணிக்கைதான் சிக்கல். ஒவ்வொரு வரியிலும் சமமாகப் பூ விழ வேண்டுமானால் 5023 ஏதாவது ஓர் எண்ணால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். சிவசங்கரி செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நோட்டை எடுத்தாள். ஒரு பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்தாள். இடப்பக்கம் வகுக்கும் எண், வலப்பக்கம் மீதி.

எழுபத்தொன்றை எழுபத்தொன்றால் பெருக்கினால் 5041. அது 5023-ஐத் தாண்டிவிடுகிறது. அதனால் எழுபத்தொன்றுக்குக் கீழே உள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும். அவை பத்தொன்பது. இரண்டில் மீதி ஒன்று. மூன்றில் ஒன்று. ஐந்தில் மூன்று. முப்பத்தொன்றில் மறுபடி ஒன்று. கமலக்கண்ணன் கண்டுபிடித்த 5022 அங்கேதான் ஒளிந்திருந்தது. கடைசியில் அறுபத்தேழு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அறுபத்தேழு எழுபத்தைந்து 5025. இரண்டு வித்தியாசத்தில் நழுவிவிட்டது.

எதுவும் வகுக்கவில்லை. பக்கத்துத் தாளில் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டாள். அப்போதும் வகுக்கவில்லை. 5023 ஒரு பகா எண்.

“பகா எண்ணா?” என்றார் கமலக்கண்ணன். “அப்ப விடு. நீ என்னா பண்ணுவ, நான் என்னா பண்ணுவேன்? வியாழக்கிழம போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடு. கணக்கே முடியாதுன்னு சொல்லுதுன்னு சொல்லு. டீச்சர் ஸ்டூடன்ட்தான, புரியும்.”

புரியும்தான். ஆனால் சிவசங்கரிக்குத் தான் போட்ட கணக்கின்மேல் சந்தேகம் தீரவில்லை. வகுத்தலில் தப்பில்லை, இரண்டு தரம் பார்த்தாயிற்று. நான் கேட்ட கேள்வியே சரியான கேள்விதானா? புதன்கிழமை முழுக்க வேலைக்கு நடுவே இதுதான் அரித்துக்கொண்டிருந்தது.

மாலையில் அவள் குரூப் ஃபோர் வகுப்புக்குப் போவாள். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் நடக்கும் வகுப்பு. அன்றைக்கு மாதிரித் தேர்வு. வந்திருந்தவர்கள் பதிமூன்று பேர். பார்த்து எழுதக்கூடாது என்பதற்காக வகுப்பு எடுக்கும் அன்பரசு சார் இடம் மாற்றி உட்கார வைத்தார். முதல் பெஞ்சில் மூன்று பேர், இரு ஓரத்திலும் நடுவிலும். அடுத்த பெஞ்சில் இரண்டே பேர், முன்னால் இருக்கும் மூவரின் இடைவெளிக்கு நேராக. அடுத்ததில் மூன்று. இப்படியே ஐந்து பெஞ்ச்.

“என் முன்னாடி யாரும் இல்ல, பின்னாடியும் யாரும் இல்ல” என்று புலம்பினான் இரண்டாவது பெஞ்சில் இருந்த குணா. “சங்கரி, சொந்த மூளையில எழுதச் சொல்றாங்க. இந்த அநியாயத்த யாருகிட்ட போயிச் சொல்றது?”

“உன் மூளைகிட்டயே சொல்லு. எப்பவாவது எழுந்துதுன்னா” என்றாள் சிவசங்கரி.

“குணா, பேசிகினே இருந்தேன்னா மாடிப்படில உக்கார வெச்சிடுவேன்” என்றார் சார்.

கடைசி பெஞ்ச் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிவசங்கரிக்கு முன்னால் வகுப்பு முழுவதும் தெரிந்தது. மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ஒழுங்காக இருந்தது. ஆட்களை எண்ணினாள். பதிமூன்று.

பதிமூன்று ஒரு பகா எண்.

அவளுக்குக் காது சூடாயிற்று. வினாத்தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஆள் இருக்கும் இடத்துக்கு ஒரு புள்ளி, ஆள் இல்லாத இடைவெளிக்கு ஒரு வட்டம் என்று போட்டாள். பெஞ்சுக்கு ஐந்து இடம், ஐந்து பெஞ்ச், மொத்தம் இருபத்தைந்து. அதில் புள்ளி பதிமூன்று, வட்டம் பன்னிரண்டு. நான்கு மூலையிலும் புள்ளி இருப்பதால் புள்ளிதான் ஒன்று அதிகம். பதிமூன்றை எத்தனையால் வகுக்கலாம் என்று கேட்டால் வழியே இல்லை. இடைவெளியையும் சேர்த்து எண்ணினால் இருபத்தைந்து. அது ஐந்தைந்தாக அழகாகப் பிரிகிறது.

அப்படியானால் பூ 5023. இடைவெளி அதைவிட ஒன்று குறைவு, 5022. இரண்டும் சேர்ந்து 10045. கடைசி இலக்கம் ஐந்து! பார்த்த மாத்திரத்தில் ஐந்தால் வகுபடும். 2009. அதில் ஏழு போகும், 287. இன்னும் ஒரு ஏழு, 41. பத்தொன்பது பகா எண்களை எதிர்த்து நின்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே இப்படி விட்டுக்கொடுக்கும் ஓர் எண் இருந்திருக்கிறது.

ஐந்தையும் ஏழையும் பெருக்கினால் முப்பத்தைந்து. முப்பத்தைந்தை 287-ஆல் பெருக்கினால் 10045. முப்பத்தைந்து இடம் என்றால் பதினெட்டுப் பூ, பதினேழு இடைவெளி. அடுத்த வரியில் பதினேழு பூ. இரண்டு வரிக்கு முப்பத்தைந்து. அப்படி 143 ஜோடி, 5005. மேலே கடைசியாக ஒரு பதினெட்டு.

5023.

அன்றைய மாதிரித் தேர்வில் அவளுக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று. குணாவுக்கு நாற்பது.

வியாழக்கிழமை காலை கமலக்கண்ணன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு வரி விட்டு ஒரு வரி சந்துல விழறது நம்ம எப்பவும் போடறதுதான? பழனி தறியும் பதினெட்டுக்குத்தான் கட்டியிருக்கு. இதுல என்னா புதுசு? ரெண்டாவது வரியிலயும் பதினெட்டுதான் வரும். நடுவுல பதினேழு, இந்தக் கரைகிட்ட அரைப் பூ, அந்தக் கரைகிட்ட அரைப் பூ. அரையும் அரையும் ஒண்ணு.”

“அங்கதாண்ணா தப்பு. நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தான் எண்ணறோம். டீச்சர் கிளாஸ்ல பாதி ஆளா ஒக்காந்து படிச்சவங்க யாராவது இருக்காங்களா?”

கமலக்கண்ணன் நோட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அந்த அரைப் பூவே வேணாம்ணா. ஒவ்வொரு புட்டாவுக்கும் ஜரிகை சுத்தின குழல் தனித்தனியாதான ஓடுது? ஓரத்துல குழல் போடலன்னா அரை விழாது. பதினேழு முழுசா நிக்கும். அப்புறம் எண்ணிப் பாருங்க.”

அவர் கால்குலேட்டரில் எண்ணிப் பார்த்தார். மூன்று தரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

“நீயே சொல்லு. உன் டிசைன்தான?”

தேவிப்ரியா போனில் கணக்கு முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, “ஒண்ணு கூட விடலியே?” என்று மட்டும் கேட்டாள்.

“ஒண்ணு கூட விடலக்கா.”

அட்டை குத்தியாயிற்று. ஒரு வரி பதினெட்டு, ஒரு வரி பதினேழு. இந்த இரண்டு வரிக்கான அட்டைகளையும் சங்கிலியாகக் கோத்துவிட்டால் அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். 287 வரி நெய்ய வேண்டும் என்று சீட்டில் எழுதிச் சேவூருக்கு அனுப்பினார்கள். தறியில் பாவு நூல் ஏற்றி, அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பழனி நெய்யத் தொடங்குவதாகச் சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை பதினோரு மணிக்கு, இந்த டிசைன் எப்படியெல்லாம் தப்பாகப் போகலாம் என்று சிவசங்கரி நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள். பூ ஒன்று விட்டுப்போகலாம். வரி ஒன்று அதிகமாகலாம். ஐந்தாவதாக எழுதியதைப் பார்த்ததும் பேனா நின்றது. சங்கிலி சுற்றிக்கொண்டே இருக்கும் என்றால் அதற்குத் தலை எது, வால் எது? முதல் வரி பதினேழாக இருந்துவிட்டால்?

144 வரி பதினேழு, 2448. 143 வரி பதினெட்டு, 2574. கூட்டினாள்.

5022.

பூ நிற்க வேண்டிய இடமெல்லாம் இடைவெளி, இடைவெளி இருக்க வேண்டிய இடமெல்லாம் பூ. பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரே ஒரு ஆள் மட்டும் காணாமல் போயிருப்பார். எத்தனை வரி என்று எழுதி அனுப்பியவள் எதில் தொடங்க வேண்டும் என்று எழுதவில்லை.

பழனிக்குப் போன் அடித்தாள். தறி ஓடும்போது அவருக்குப் போன் கேட்காது. வாசலில் வந்த சேவூர் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பழனி அவளைப் பார்த்ததும் தறியை நிறுத்தினார். “வாம்மா! ஜல்தியா வந்துட்டியே. பாரு, ஆறு வரி முடிச்சிட்டேன். பூ எப்பிடி நிக்குது!”

கத்தரிப்பூ நிறப் பட்டில் ஜரிகை மொட்டுகள் மின்னின. சிவசங்கரி குனிந்து முதல் வரியை விரலால் தொட்டு எண்ணினாள். பதினேழு.

“அண்ணா, பதினேழுலயா ஆரம்பிச்சீங்க?”

“பின்ன? பதினெட்டுல நடுப் பூன்னு ஒண்ணு இல்லியே. பதினேழுலதான் ஒம்போதாவது பூ நட்ட நடுவுல வந்து விழுது. அந்த எடத்துல குங்குமம் வெச்சுதான் எங்க வூட்ல ஆரம்பிக்கறது. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்பிடித்தான்.”

அவள் விஷயத்தைச் சொன்னாள். பழனி தலையைச் சொறிந்தார்.

“கடைசில ஒரு வரிய சேத்து விட்டுட்டா?”

“அதுவும் பாத்துட்டேண்ணா. எரநூத்தி எம்பத்தி ஆறு வரியோட நிறுத்தினா ஐயாயிரத்து அஞ்சு. எம்பத்தி எட்டு போட்டா ஐயாயிரத்து நாப்பது. எங்க நிறுத்தினாலும் வராது. மொத வரி பதினெட்டா இருந்தாதான் வரும்.”

“அதுக்காக நெய்ஞ்சத பிரிக்கச் சொல்றியா? பட்டும்மா இது. பிரிச்சா இழை பஞ்சாப் போயிடும். நல்லா பேஜார் புடிச்ச சேலையா இருக்குதே!”

“துணியப் பிரிக்க வேணாம். பூவோட ஜரிகை தனி இழைதானண்ணா? மொத வரி பதினேழு பூவ மட்டும் உருவிட்டா, அடியில பட்டு அப்பிடியே நிக்கும். ரெண்டாவது வரி மொத வரி ஆயிடும். அது பதினெட்டு.”

பழனி துணியை விரலால் தடவிப் பார்த்தார். முடியும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் மனம் வரவில்லை.

“குங்குமம் வெச்சு ஆரம்பிச்ச பூவ உருவறதா?”

பின்னால் நூல் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி அபிதகுசாம்பாள் ராட்டையை நிறுத்தினாள். “ஏய்யா, சாமி இன்னா ஸ்கேலு வெச்சிகினா நடு பாக்குது? ஒம்போதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவுல வெய்யி. அதுவும் நடுதான். அந்தப் பொண்ணு பஸ்ஸப் புடிச்சு ஓடியாந்து நின்னுகினு கீது. உருவுய்யா.”

“உன்ன யாராவது கேட்டாங்களா?”

“கேக்கலன்னாலும் சொல்லுவேன். அதான எனக்கு வேல?”

பழனி மெல்லிய ஊசி ஒன்றை எடுத்தார். ஒரு பூவின் ஜரிகையை நுனியில் நெம்பி இழுத்தார். சிணுங்காமல் வந்தது. அந்த இடத்தில் பொட்டுப் பொட்டாகச் சின்ன அடையாளம். நகத்தால் தேய்த்ததும் மறைந்தது. சிவசங்கரி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினேழும் வெளியே வந்தபின் இரண்டாவது வரியை எண்ணினாள், பதினெட்டு. அதற்கு முன்னால் அரை அங்குலம் அதிகமாக வெறும் துணி. கட்டும்போது இடுப்பில் சொருகும் இடம் அது. யார் கண்ணிலும் படாது. அபிதகுசாம்பாள் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து புருஷனிடம் நீட்டினாள். அவர் முறைத்துக்கொண்டே ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவில் ஒரு துளி வைத்தார்.

கிளம்புமுன் சிவசங்கரி ஒரு தாளில் பெரிதாக எழுதித் தறிக்கம்பத்தில் ஒட்டினாள்: முடிந்தது 5 வரி, பாக்கி 282 வரி, கடைசி வரி பதினெட்டு.

ஆறு வாரத்தில் சேலை தறியிலிருந்து இறங்கியது. தேவிப்ரியா வந்த அன்று பழனியும் வந்திருந்தார்; கடையில் பாய் விரித்து அதன்மேல் வெள்ளை வேட்டி போட்டுச் சேலையைப் பரப்பினார்கள். தானே எண்ண வேண்டும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். முட்டி போட்டு, வரி வரியாக விரலை நகர்த்தி, உதடு அசைய எண்ணினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“ஐயாயிரத்து இருவத்தி ஒண்ணுதான் வருது.”

கமலக்கண்ணன் பழனியைப் பார்த்தார். பழனி, “தறில நான் ஒண்ணு கூட விடலீங்க” என்றார், பாதிக் குரலில். இரண்டு பேரும் சிவசங்கரியைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து வந்து துணியின் இரண்டு முனையையும் பார்த்தாள். இந்த முனையில் பதினெட்டு. அந்த முனையில் பதினெட்டு.

“துணி சரியா இருக்குக்கா. எண்ணினதுலதான் எங்கியோ ரெண்டு நழுவிடுச்சு. ஒண்ணொண்ணா எண்ணாதீங்க. ரெண்டு ரெண்டு வரியா எண்ணுங்க. ஒவ்வொரு ஜோடிக்கும் முப்பத்தி அஞ்சு இருக்கான்னு மட்டும் பாத்துகினே வாங்க. நான் ஜோடிக்கு ஒரு கோடு போடறேன்.”

தேவிப்ரியா மறுபடி குனிந்தாள். இந்தத் தரம் அவள் குரல் வெளியே கேட்டது. சிவசங்கரி நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். நூற்று நாற்பத்து மூன்றாவது கோடு விழுந்தபோது துணியில் ஒரு வரி மிச்சமிருந்தது. அதை மட்டும் தேவிப்ரியா ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“பதினாறு, பதினேழு, பதினெட்டு.”

கடைசிப் பூவின்மேல் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை. கமலக்கண்ணன் கால்குலேட்டரைத் தேடினார்.

“டீச்சரும் எண்ணுவாங்க” என்றாள் தேவிப்ரியா.

“எண்ணட்டுங்க” என்றாள் சிவசங்கரி.